அறிவைப் பூட்டி வைக்கும் நாடு: இளையோர் நாவல் எழுதுகிறேன், பதின்மூன்றாம் அத்தியாயத்தில் நின்றுவிட்டது

நொய்யல்காரி:

வணக்கமுங்க. ஊர் பெருந்துறைக்குப் பக்கம். பகலில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு வேலை, இரவில் எழுத்து. பதிமூன்று முதல் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் படிக்கிற மாதிரி தமிழில் ஒரு மாயக்கதை வரிசை எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று பாகம் என்று திட்டம். முதல் பாகத்தில் பன்னிரண்டு அத்தியாயம் முடிந்திருக்கிறது.

இதற்கு விதை போட்டது ஓர் ஆங்கில நாவல் வரிசை. பழங்கால எகிப்தில் இருந்த அலெக்சாந்திரியா நூலகம் அழியாமல் நின்றிருந்தால் உலகம் எப்படி இருக்கும் என்ற கற்பனையில் 2015 முதல் 2019 வரை ஐந்து நாவல்களாக வந்தது. அதில் எல்லா நூலும் நூலகத்துக்கே சொந்தம், வீட்டில் ஓர் அசல் புத்தகம் வைத்திருந்தாலே குற்றம். படிக்கத் தடை இல்லை, ஆனால் நூலகம் அனுப்புகிற நகலைத்தான் படிக்க வேண்டும். நாயகன் புத்தகம் கடத்தும் வீட்டுப் பிள்ளை. அதைப் படித்து முடித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. இதே கேள்வியை நம் மண்ணில், ஓலையும் எழுத்தாணியும் வைத்துக் கேட்டால் என்ன வரும் என்று அன்றைக்கே நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

என் கதையில் மலை சூழ்ந்த ஒரு நாடு, மூன்று ஆறு ஓடுகிறது. நடுவில் ஏட்டுக்கோட்டை. நாட்டில் உள்ள சுவடி எல்லாம் அதற்குள்ளே. ஒரு வீட்டுக்கு ஒரு நேரத்தில் ஒரு கட்டு கொடுப்பார்கள், அடுத்த அமாவாசைக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். கோட்டை முத்திரை இல்லாமல் எல்லை தாண்டினால் ஓலையில் இருக்கும் எழுத்து மறைந்துவிடும், அதுதான் மாயம். நாயகிக்குப் பதினைந்து வயது. அவளுக்கு இன்னும் பெயர் முடிவாகவில்லை.

படித்துப் பார்த்த தோழிகள் இரண்டு கேள்வி கேட்டார்கள், இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. ஒன்று, "மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய்ச் சொல்லிவிடலாமே? நம் ஊரில் அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்து ராத்திரி ராத்திரியாகப் பாடுகிறார்களே, ஏட்டைப் பார்த்தா பாடுகிறார்கள்? உன் கோட்டை எதைத்தான் கட்டுப்படுத்துகிறது?" இரண்டாவது, கோட்டைத் தலைவர் மரப்பாச்சி மாதிரி இருக்கிறாராம். அவர் ஏன் இப்படிச் செய்கிறார் என்றே தெரியவில்லையாம். "கெட்டவர், அதனால் கெட்டது செய்கிறார்" என்பதற்கு மேல் நான் யோசிக்கவில்லை என்பது உண்மைதான்.

ஏட்டுச்சுவடியோடு பழகியவர்கள், பழைய நூல்கள் எப்படி அழிந்தன என்று தெரிந்தவர்கள், அல்லது சும்மா கதை நிறையப் படிக்கிறவர்கள், யாராக இருந்தாலும் சொல்லுங்க. பிள்ளைகள் படிக்கும் கதைதானே என்று லேசாக எழுத எனக்கு மனசில்லை.

பவானிக்கரை:

அம்மிணி, நான் இருபது வருடத்துக்கு மேல் சுவடி துடைத்து, எண்ணெய் பூசி, படியெடுத்து வேலை பார்த்தவன். இப்போது ஓய்வு. உங்கள் கோட்டையில் ஒரு பெரிய குறை இருக்கிறது. கதவுக்குப் பூட்டு போட்டிருக்கிறீர்கள், முத்திரைக்கு மாயம் வைத்திருக்கிறீர்கள், ஆனால் ஓலைக்கு ஆயுசு இருப்பதை மறந்துவிட்டீர்கள். நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் பூச்சிக்கும் ஓர் ஓலை சில நூறு வருடம் தாங்கினால் பெரிது. அதற்குள் யாராவது உட்கார்ந்து புது ஓலையில் பார்த்து எழுத வேண்டும். அந்தப் பிரதியும் நைந்து போவதற்குள் இன்னொருவர் எழுத வேண்டும். இன்றைக்கு நாம் படிக்கிற சங்கப்பாட்டு ஒவ்வொன்றும் இப்படிக் கை மாறிக் கை மாறி வந்ததுதான். நடுவில் ஒரு தலைமுறை சும்மா இருந்திருந்தால் போதும், யாரும் தீ வைக்க வேண்டியதே இல்லை.

அதனால் சுவடி உலகத்தில் அதிகாரம் சாவி வைத்திருப்பவனிடம் இல்லை, எதைப் படியெடுப்பது என்று முடிவு செய்பவனிடம் இருக்கிறது. உங்கள் கோட்டைத் தலைவர் ஒரு நூலையும் எரிக்க வேண்டாம். "இந்த வருடம் இந்தக் கட்டைப் படியெடுக்க ஆள் இல்லை" என்று சொன்னால் போதும்.

நீங்கள் சொன்ன அலெக்சாந்திரியாவிலேயே இது நடந்திருக்கிறது. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் இருக்கும் நூல்களை எடுத்துக்கொண்டு போய், படியெடுத்து, அசலை வைத்துக்கொண்டு நகலைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்று கேலன் என்ற பழங்கால மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார். பார்ப்பதற்கு உதவி மாதிரிதான் தெரியும். நகலில் ஒரு வரி விட்டுப்போயிருந்தால் கப்பல்காரனுக்கு எப்படித் தெரியும்?

அடுத்தது எழுத்து. ஓலையில் புள்ளி வைக்க மாட்டார்கள், எழுத்தாணி முனை ஓலையைப் பொத்துவிடும் என்பதால். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வித்தியாசம் இருக்காது. காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, செய்யுளும் உரையும் ஒரே ஓட்டமாக ஓடும். எழுத்து தெரிந்த ஒருவன் கையில் ஏட்டைக் கொடுத்தாலும் படிக்க முடியாது. யாப்பு தெரிந்து, சொல் தெரிந்து, இந்த இடத்தில் இதுதான் வரும் என்று ஊகிக்கத் தெரிந்தவனுக்குத்தான் அது வாய் திறக்கும். எழுத்து மறைகிற மாயம் உங்களுக்கு எதற்கு? எழுத்து அப்படியே இருக்கட்டும். படிக்கும் முறையைக் கோட்டைக்குள்ளே மட்டும் சொல்லிக்கொடுக்கட்டும். நாயகி கட்டைத் திருடிக்கொண்டு ஓடி வந்து, ஆலமரத்தடியில் பிரித்துப் பார்த்து, ஒரு வரி புரியாமல் உட்கார்ந்திருக்கிற இடத்தை எழுதிப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது என் மனதில் ரொம்ப நாளாக இருப்பது. ஆடிப்பெருக்கில் பழைய ஏடுகளை ஆற்றில் விடுகிற பழக்கம் இருந்தது. உ.வே.சாமிநாதையர் இதை வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். கரிவலம்வந்தநல்லூரில் சுவடி தேடிப் போனபோது, பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் ஆகுதி செய்துவிட்டோம் என்று கோயில்காரர்கள் சொன்னார்களாம், சாத்திரத்தில் அப்படி இருக்கிறது என்று. யோசித்துப் பாருங்கள், அவர்கள் அழிக்க வேண்டும் என்று செய்யவில்லை. புனிதமான பொருள், காலில் படக்கூடாது, குப்பையில் போகக்கூடாது என்று மரியாதையோடு செய்தார்கள். ஒவ்வோர் ஆடிப்பதினெட்டுக்கும் கூடுதுறையில் நின்று தண்ணீரைப் பார்க்கும்போது எனக்கு இந்த நினைப்புதான் வரும்.

பொன்னூதி:

பவானிக்கரை ஐயா சொன்னதோடு சேர்த்துப் படியுங்கள். எங்கள் வீடு ஊதியூர் மலைக்குப் பக்கம். கொங்கணச் சித்தர் பொன் ஊதிய மலை என்று பெயர் பெற்ற இடம். அப்பாரு, அதாவது தாத்தா, வைத்தியர். அட்டாலியில் மஞ்சள் துணியில் சுற்றி ஒரு சுவடிக்கட்டு இருந்தது. சரஸ்வதி பூசைக்கு மட்டும் இறக்குவார், பூ வைப்பார், மறுபடி ஏற்றிவிடுவார்.

சித்தர் நூல்களில் பூட்டு வெளியே இல்லைங்க, சொல்லுக்குள்ளே இருக்கிறது. பரிபாஷை என்பார்கள். ஒரு சாதாரணப் பொருளின் பெயரைச் சொல்லி வேறொன்றைக் குறிப்பார்கள். முப்பு என்றால் என்ன என்று இன்றைக்கும் வைத்தியர்களுக்குள்ளே ஒத்துப்போகாது. நூல் எல்லோர் கையிலும் இருக்கலாம், அச்சாகிக் கடையில் கூடக் கிடைக்கலாம், குரு வாயால் சொன்னால்தான் உள்ளே போக முடியும். உங்கள் தோழிகளின் முதல் கேள்விக்கு இதுவே ஒரு பதில். மனப்பாடம் செய்யட்டும், பாடட்டும், ஊர் ஊராகப் போகட்டும். பாட்டு போகும், பொருள் போகாது.

ஆனால் நான் எழுத வந்தது தலைவரைப் பற்றி. அவரைக் கெட்டவராக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வைத்தியத்தில் பாஷாணம், அதாவது நஞ்சுச் சரக்கு, அறுபத்துநான்கு என்று கணக்கு. ரசம், கந்தகம், வீரம், பூரம் எல்லாம் முறையாகச் சுத்தி செய்தால் மருந்து, சுத்தியில் ஒரு படி தவறினால் நஞ்சு. அரைகுறையாகப் படித்தவன் கையில் அந்த ஏடு போனால் என்ன ஆகும் என்ற பயம் அப்பாருவுக்கு உண்மையாகவே இருந்தது. பேராசையால் அவர் மறைக்கவில்லை. உங்கள் தலைவர் இளவயதில் ஓர் ஏட்டை இரக்கப்பட்டு வெளியே கொடுத்திருக்கட்டும், அதைப் பார்த்து யாரோ மருந்து செய்து ஒரு குடும்பம் செத்திருக்கட்டும். அதற்கப்புறம் அவர் கதவைச் சாத்தினால், படிக்கிற பிள்ளைகளுக்கு அவர் மேல் கோபம் வரும்போதே தொண்டையும் அடைக்கும்.

அப்பாரு போய்ப் பதினாறு வருடம் ஆகிறது. அப்பாவுக்குப் பாதி தெரியும், எனக்கு அதில் பாதிகூட இல்லை. கட்டை இறக்கிப் பார்த்தபோது நடு ஏடுகள் செல்லரித்து மாவாகக் கொட்டியது.

கரும்பலகை:

பொன்னூதி சொன்னதை மதிக்கிறேன், கடைசி வரி மனதைப் பிசைந்தது. ஆனால் அதே வரிதான் அவர் சொன்ன வாதத்துக்கு எதிர்ச்சாட்சி என்றும் நினைக்கிறேன். நஞ்சு வெளியே போய்விடும் என்று காத்த ஏடு மருந்தையும் சேர்த்துக்கொண்டு போய்விட்டதே. கடைசியில் அது யாரைக் காப்பாற்றியது?

நான் பள்ளி ஆசிரியை. முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில், எந்தப் பள்ளி என்பது வேண்டாம், நூலகம் என்றால் ஒரு இரும்பு பீரோ. உள்ளே அறுநூறு புத்தகம் இருக்கும். பிள்ளைகளுக்கு வெளியிலிருந்து கண்ணாடி வழியாக அட்டை தெரியும், அவ்வளவுதான். சாவி கேட்டால் "இருப்பு சரிபார்க்க வருவார்கள், ஒன்று குறைந்தால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள்" என்பார் பொறுப்பாளர். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு முன்னால் இருந்தவருக்கு அப்படி நடந்திருக்கிறது. ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் பத்தாம் வகுப்பு முடித்துப் போனார்கள், ஒரு புத்தகம் வெளியே வரவில்லை. புத்தகங்கள் புத்தம் புதிதாக இருந்தன. ஒவ்வொரு வருடமும் கணக்கு சரியாக இருந்தது.

உங்கள் தலைவருக்கு நான் கொடுக்கிற காரணம் இதுதான். ஒரு பெரிய சோகம் கூட வேண்டாம். கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்ற பயம் போதும். கொடுத்த கட்டு திரும்பி வராமல் போவதைவிடக் கொடுக்காமலே இருப்பது அவருக்கு நிம்மதி. பிள்ளைகள் இந்த மாதிரி ஆளைத் தினமும் பார்க்கிறார்கள், உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

கொங்குநாட்டுக்குள்ளேயே உங்களுக்குக் கதைக்கான பொருள் குவிந்து கிடக்கிறது, அதையும் சொல்கிறேன். உங்கள் பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரம் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரின் ஊர். தமிழ் இலக்கணத்தைப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி சுருக்கிக் கொடுத்த நூல், எழுநூறு வருடத்துக்கு மேல் பாடமாக இருந்தது. அதே நூலின் பாயிரத்தில் யாருக்குப் பாடம் சொல்லக்கூடாது என்று ஒரு பட்டியல் வருகிறது. குடிகாரன், சோம்பேறி, கோபக்காரன், தூங்குமூஞ்சி, அப்புறம் நோயாளியும் புத்தி மந்தமானவனும் அதில் இருக்கிறார்கள். ஆசிரியையாக எனக்கு அந்த இடம் எப்போதும் உறுத்தும். மந்தம் என்று ஒதுக்கினால் என் வகுப்பில் பாதிப்பேர் வெளியே நிற்க வேண்டியதுதான், அதில் மூன்று பேர் இன்றைக்கு என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுகிறார்கள். பாதையைத் திறந்த கையே வாசலில் காவலும் வைத்தது என்பதை உங்கள் கதையில் ஒரு பாத்திரமாக ஆக்கலாம். கோட்டையின் முதல் ஆசிரியர், எல்லோருக்கும் எளிதாக எழுதியவர், அவரே வாசலில் நிற்கக் கூடாதவர்களின் பட்டியலையும் எழுதியவர்.

விஜயமங்கலம் போயிருக்கிறீர்களா? பெருங்கதை பாடிய கொங்குவேளிரின் ஊர். உ.வே.சா. 1924இல் அதை அச்சிட்டபோது அவருக்குக் கிடைத்ததில் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. இன்றுவரை கிடைக்கவில்லை. உதயணன் கதையை நாம் நடுவில் நுழைந்து நடுவிலேயே வெளியே வருகிறோம். அதற்கு மூலமான குணாட்டியரின் நூல் பற்றி ஒரு பழங்கதை உண்டு. பைசாச மொழியில் எழுதியது என்று அரசன் ஒதுக்கித் தள்ளினான், மனம் உடைந்த குணாட்டியர் காட்டில் தீ மூட்டி, விலங்குகளுக்கு ஒவ்வொரு ஏடாகப் படித்துக் காட்டித் தீயில் போட்டார், விலங்குகள் இரை மறந்து கேட்டுக்கொண்டிருந்தன, ஏழு பங்கில் ஒரு பங்குதான் மிஞ்சியது என்று. மூலநூல் உண்மையிலேயே இன்றைக்கு இல்லை. இதைவிடப் பெரிய மாயக்கதை எங்கே தேடப் போகிறீர்கள்?

சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லாரையும் நிரம்பை என்ற கொங்கு ஊர்க்காரர் என்கிறார்கள். அவர் தன் உரைப்பாயிரத்தில் பெருநாரை, பெருங்குருகு என்று இசைநூல் பெயர்களைச் சொல்லி இவை இறந்தன என்று எழுதுகிறார். எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து, தனக்குக் கிடைக்காத நூல்களுக்குப் பெயராவது இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறார். அவருடைய உரையே நமக்கு முழுதாகக் கிடைக்கவில்லை.

பொன்னூதி:

கரும்பலகை அம்மா, நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, பதினாறு வருடமாக இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அப்பாரு தகுதியான ஆளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார், கொடுக்கவே கூடாது என்று நினைக்கவில்லை. காத்திருந்ததில் காலம் போய்விட்டது. உங்கள் பள்ளிப் பொறுப்பாளருக்கும் அவருக்கும் அந்த வித்தியாசம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

கடைசிபெஞ்ச்:

நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன் அக்கா, இந்த மாதிரிக் கதை யாருக்காக எழுதுகிறீர்களோ அவர்களில் ஒருத்தி. எல்லோரும் வரலாறு சொல்கிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உங்கள் பதிவில் நாயகிக்கு என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை. "அறிவு எல்லோருக்கும் கிடைக்க வேண்டும்" என்று பதினைந்து வயதில் யாரும் வீட்டை விட்டு ஓட மாட்டார்கள். எனக்கு வேண்டியது எல்லாம் சின்னச் சின்னதாகத்தான் இருக்கும். அவளுக்கும் ஒரே ஓர் ஏடு வேண்டும் என்று வையுங்கள். அவள் அமுச்சி, அம்மாவைப் பெற்றவர், அவள் பிறந்ததற்கு எழுதிய தாலாட்டு, அல்லது தம்பிக்கு வருகிற வலிப்புக்கு மருந்து, அல்லது அம்மா கடைசியாகப் படியெடுத்த ஏடு. அந்த ஒன்றுக்காகப் போய் அங்கே ஆயிரம் இருப்பதைப் பார்க்கட்டும். அப்போது நானும் அவளோடு ஓடுவேன்.

அப்புறம், அவளுக்குப் படிக்கத் தெரியாமல் ஆலமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் இடம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதைத் தயவுசெய்து வையுங்கள். பெயர் சீக்கிரம் முடிவு பண்ணுங்கள், பெயர் இல்லாத ஆளோடு பன்னிரண்டு அத்தியாயம் எப்படி ஓட்டினீர்கள்?

சென்னிமலைத்தறி:

நாங்கள் தறிக்காரக் குடும்பம், கதை எழுதுகிறவர்களுக்கு நான் என்ன சொல்லப் போகிறேன் என்று யோசித்துவிட்டு, தோழிகள் கேட்ட மனப்பாடக் கேள்விக்காகத்தான் எழுதுகிறேன்.

பெட்ஷீட்டில் பூ விழ வேண்டும் என்றால் டிசைனை முதலில் கட்டம் போட்ட தாளில் ஏற்றுவார்கள். அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை குத்துவார்கள். குறுக்கே ஓடும் ஒவ்வொரு ஊடை நூலுக்கும் ஓர் அட்டை. எல்லா அட்டையையும் வரிசையாகக் கோர்த்து மேலே ஜக்கார்டு பெட்டியில் மாட்டினால், ஓட்டை இருக்கிற இடத்துப் பாவு நூல் தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. ஒரு பெரிய டிசைனுக்கு நூற்றுக்கணக்கில் அட்டை வரும். இதை எவனாலும் மனப்பாடம் செய்ய முடியாது. அட்டைக்கட்டு யார் வீட்டில் இருக்கிறதோ அவருடையதுதான் டிசைன். எங்கள் அப்பா காலத்தில் அட்டைக்கட்டை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவார்கள், நெய்பவனுக்குக் கூலி மட்டும்தான். ஆயிரம் போர்வை நெய்திருப்பான், அட்டை போய்விட்டால் அந்தப் பூவை அவனால் மறுபடி போட முடியாது. அதே சமயம் கரைக்குச் சின்னதாக வரும் கட்டம், கோடு எல்லாம் எங்கள் ஆத்தா வாயால் எண்ணிக்கொண்டே போடுவார், பாட்டு மாதிரி இருக்கும், எந்த அட்டையும் வேண்டாம்.

அதனால் எனக்குத் தோன்றுவது, கோட்டை பாட்டையெல்லாம் விட்டுவிடும். அண்ணன்மார் கதையைப் பாடு, தாலாட்டைப் பாடு, ஒப்பாரி வை, கும்மி அடி, ஒன்றும் சொல்ல மாட்டோம். அளவு இருப்பதை மட்டும் பிடித்துக்கொள்ளும். எந்த நாளில் ஆற்றில் எத்தனை அடி தண்ணீர் வரும், எந்த நிலத்துக்கு எத்தனை முழம், எந்த மருந்தில் எது எத்தனை வராகன் எடை, வாய்க்கால் சரிவு எவ்வளவு. இதெல்லாம் வாயில் நிற்காது, நின்றாலும் ஒரு எண் மாறினால் எல்லாம் போச்சு. ஜனங்கள் ராத்திரி முழுக்கப் பாடிக்கொண்டு தங்களிடம் எல்லாம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

பவானிக்கரை:

தறிக்காரர் சொன்னதை நான் இத்தனை வருடம் ஏட்டோடு இருந்தும் இப்படி யோசித்ததில்லை. நம் முன்னோர் வைத்தியம், சோதிடம், இலக்கணம் எல்லாவற்றையும் செய்யுளாக்கியதே வாயில் நிற்க வேண்டும் என்றுதான். அப்படியும் படியெடுத்த சுவடிகளை ஒப்பிட்டுப் பார்த்தால் அதிகம் மாறிக் கிடப்பது எண்தான். சொல் மாறினால் ஓசை இடித்துக் காட்டிக்கொடுக்கும். நாலுக்குப் பதில் ஏழு என்று எழுதினால் சில இடத்தில் ஓசை அப்படியே நிற்கும், யாருக்கும் தெரியாது.

கரும்பலகை:

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. பூட்டுகிறவர்களைப் பற்றியே பேசினோம், திறந்தவர் ஒருவரும் கதைக்கு வேண்டும். மொடக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்த பெரியசாமித் தூரன் தலைமையில்தான் தமிழின் முதல் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதியாக வந்தது. தொடங்கி வைத்தது கோவைக்காரரான தி.சு.அவிநாசிலிங்கம் செட்டியாரின் தமிழ் வளர்ச்சிக் கழகம். முதல் தொகுதி 1954இல், கடைசித் தொகுதி 1968இல். சோர்ந்து உட்காராமல் தூரனே குழந்தைகளுக்கென்று தனியாக இன்னொரு பத்துத் தொகுதியை 1968இல் தொடங்கி 1976இல் முடித்தார். அணுவைப் பற்றியும் ஆமையைப் பற்றியும் ஒரு கிராமத்துப் பிள்ளை தன் மொழியிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு மனிதர் முப்பது வருடத்துக்குக் கிட்டத்தட்ட உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார். இரண்டு வரிசையும் இன்றைக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. என் பிள்ளைகளுக்கு வகுப்பில் போனில் திறந்து காட்டியிருக்கிறேன்.

அச்சு வந்ததும் எல்லாம் திறந்துவிட்டது என்றும் எழுதிவிடாதீர்கள். தமிழ் எழுத்தில் முதல் அச்சுப்புத்தகம் 1578இல் கொல்லத்தில் வந்தது. ஆனால் 1835இல் ஆங்கிலேய ஆட்சித் தலைவர் மெட்காப் காலத்துச் சட்டம் உரிமக் கட்டுப்பாட்டை எடுத்த பிறகுதான் நம் ஆட்கள் பரவலாக அச்சுக்கூடம் வைக்க முடிந்தது. கருவி வந்து இருநூற்றைம்பது வருடம் கழித்து. உங்கள் மூன்றாம் பாகத்துக்கு உதவும்.

நொய்யல்காரி:

நேற்று இரவு எல்லாவற்றையும் நோட்டில் எடுத்து எழுதினேன், பதினோரு பக்கம் வந்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொல்ல ஆசை, ஆனால் அத்தியாயத்தை எழுதிக் காட்டுவதுதான் சரி என்று தோன்றுகிறது.

எல்லை தாண்டினால் எழுத்து மறைகிற மாயத்தை எடுத்துவிட்டேன். பன்னிரண்டு அத்தியாயத்தையும் திருத்த வேண்டும், பரவாயில்லை. கோட்டையில் யாரும் எதையும் எரிப்பதில்லை. பாட்டுக்குத் தடை இல்லை. எண் இருக்கும் ஏடுகள் மட்டும் வெளியே போவதில்லை. தலைவர் ஒரு காலத்தில் கோட்டையிலேயே திறமையான படியெடுப்பவர், நாயகியின் அம்மாவும் அவரும் ஒரே திண்ணையில் எழுதப் பழகியவர்கள். அவர் எழுதிய ஒரு பிரதியில் ஓர் எண் மாறிப்போய், அதைப் பார்த்து மருந்து செய்த வீட்டில் சாவு விழுந்திருக்கிறது. பொன்னூதி அண்ணன் சொன்னதும் பவானிக்கரை ஐயா எண்ணைப் பற்றிச் சொன்னதும் சேர்ந்து இப்படி வந்தது. அதற்கப்புறம் அவர் புதிதாகப் படியெடுப்பதையே நிறுத்திவிட்டார். பிழையான நகலைவிட நகலே இல்லாமல் இருப்பது நல்லது என்பது அவர் முடிவு. அசல்களை அவ்வளவு அருமையாகப் பார்த்துக்கொள்கிறார், தினமும் தூசி தட்டுகிறார், கணக்கு ஒரு நாளும் தவறியதில்லை. உள்ளே ஏடு ஒவ்வொன்றாக மாவாகிக்கொண்டிருக்கிறது.

பதின்மூன்றாம் அத்தியாயத்தில் நாயகி தம்பியின் வலிப்பு மருந்துக்காக உள்ளே நுழைகிறாள். கடைசிபெஞ்ச் கேட்ட மாதிரியே. அவள் முதலில் போய்ச் சேருவது சுவடி அறைக்கு இல்லை, படியெடுக்கும் கூடத்துக்கு. வரிசையாகப் பலகை, ஒவ்வொன்றின் மேலும் துருப்பிடித்த எழுத்தாணி, மை அரைத்த கல்லில் சிலந்தி வலை. ஒரு பலகையில் அவள் அம்மா கையால் பாதி எழுதின ஓலை.

பெயரும் முடிவு செய்துவிட்டேன் கண்ணு, ஆனால் அதை முதல் பாகம் முடித்ததும் உனக்குத்தான் முதலில் சொல்வேன்.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். அந்தப் பாதி ஓலையை அவள் எப்படிப் படிப்பாள்? எழுதியதும் எழுத்து கறுப்பாகத் தெரியுமா, இல்லை மை தனியாகப் போட வேண்டுமா? அடுத்த ஞாயிறு நானே ஓர் ஓலை எழுதிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

பவானிக்கரை:

மை தனியாகத்தான் அம்மிணி. எழுத்தாணி கீறுவதோடு சரி, கீறல் ஓலை நிறத்திலேயே இருக்கும், வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். உங்கள் நாயகி விளக்கைக் கீழே வைத்துப் பக்கவாட்டில் பார்க்கட்டும். அவள் அம்மா மை போடுவதற்கு முன்பே எழுந்து போயிருக்கிறாள் என்றால் அந்த ஓலை பார்ப்பவர்களுக்கு வெற்று ஓலைதான். தலைவர் கண்ணில் இத்தனை நாளும் படாமல் இருந்ததற்கும் அது காரணமாகும்.

நீங்கள் எழுதிப் பார்க்க: ரொம்ப இளங்குருத்தும் வேண்டாம், முற்றலும் வேண்டாம், இடைப்பட்ட பனை ஓலையாக எடுங்கள். ஈர்க்கை நீக்கி, ஒரே அளவில் நறுக்கி, நிழலில் காயவிடுங்கள். மஞ்சள் போட்ட தண்ணீரில் வேகவைத்து மறுபடி நிழலில் உலர்த்தி, சங்கு அல்லது வழவழப்பான கல்லால் இரண்டு பக்கமும் தேயுங்கள். எழுத்தாணி இல்லாவிட்டால் முனை மழுங்கிய கோணி ஊசியைக் கட்டைப்பிடியில் செருகிக்கொள்ளலாம். ஓலையை இடது கையில் பிடித்து, இடது கட்டைவிரல் நகத்தில் ஊசியை முட்டுக்கொடுத்து, கையை நகர்த்தாமல் ஓலையை நகர்த்துங்கள். எழுதி முடித்ததும் மணத்தக்காளி இலையையோ கோவை இலையையோ அரைத்துச் சாறெடுத்து, விளக்குக்கரியைக் குழைத்து ஓலை மேல் தடவி, ஒரு துணியால் துடைத்துவிடுங்கள். கரி கீறலுக்குள் மட்டும் நிற்கும், எழுத்து அப்போது எழும்பி வரும். முதல் ஓலை கிழியும், நாலைந்து ஓலை கூடுதலாகவே வேகவைத்து வையுங்கள்.